ஓட்டுக் கூரை போடும் முன் ஓட்டுக்கு அடியைப் பாருங்கள்

பெங்களூரில் ஓட்டுக் கூரை கேட்டு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது நிறத்தை. செங்கல் நிறமா, சாம்பலா, பழுப்பா என்று மாதிரி ஓட்டை வெயிலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஏப்ரல், மே மாதக் கோடை மழைக்குப் பிறகு எனக்கு வரும் போன்களில் ஒருவர்கூட நிறத்தைப் பற்றிப் பேசுவதில்லை. "முகட்டுப் பக்கம் சொட்டுதுங்க", "ரெண்டு சாய்வு சேர்ற இடத்துல இறங்கி சுவர் ஊறிப்போச்சு" என்பதுதான் பேச்சு.

அல்சூரில் இருந்துகொண்டு கூரை வேலை எடுத்துச் செய்கிறேன். அப்பா ஃப்ரேசர் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கத்துப் பழைய பங்களாக்களில் ஓடு மாற்றியவர். இப்போது எங்களுக்கு வரும் வேலை பெரும்பாலும் மொட்டை மாடிக்கு மேல் இரும்பு ட்ரஸ் (முக்கோணச் சட்டம்) ஏற்றிச் சாய்வுக் கூரை போடுவது. ஓட்டில் எத்தனையோ புது வகை வந்துவிட்டது. ஆனால் உங்கள் பணத்துக்கு உண்மையில் பயன் தரும் புதுமை பலவும் ஓட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. அதைப் பார்க்க முடியாது என்பதால் யாரும் கேட்டு வாங்குவதில்லை.

முதலில் எடை

ஒரு சதுர மீட்டருக்கு மங்களூர் ஓடு சுமார் 15 ஆகும். ஒன்று இரண்டரை, மூன்று கிலோ வைத்தால் 40 கிலோ. கான்கிரீட் ஓடு 10 போதும், ஆனால் ஒவ்வொன்றும் நாலு கிலோவுக்கு மேல், ஆகவே அதுவும் 40, 45 கிலோவுக்கு வந்துவிடும். 100 சதுர மீட்டர் கூரை என்றால் நாலு டன்னுக்குக் குறையாது. ஷிங்கிள்ஸ் என்கிற தார்த் துண்டு ஓடு 10 கிலோ அளவுதான், அடியில் போடும் பிளைவுட்டையும் சேர்த்தால் 20 பக்கம். கல்துகள் ஒட்டிய எஃகு ஓடு ஆறேழு கிலோ. உங்கள் மாடியும் தூண்களும் எதைத் தாங்கும் என்று கட்டட இன்ஜினியரிடம் எழுத்தில் வாங்கிய பிறகு ஓட்டுக் கடைக்குப் போங்கள். பழைய கட்டடத்தின் மேல் நாலு டன் ஏற்றச் சொன்னால் நான் வேலையை எடுப்பதில்லை.

வாட்டம், அதாவது கூரையின் சாய்வு அடுத்தது. மங்களூர் ஓட்டுக்கு 25 டிகிரிக்குக் குறையக் கூடாது, 30 இருந்தால் நிம்மதி. ஷிங்கிள்ஸ் 18 டிகிரியிலேயே நன்றாக உட்காரும். அதற்கும் தட்டையாக வேண்டும் என்றால் அடியில் தண்ணீர் தடுக்கும் விரிப்பு இரட்டையாகப் போட வேண்டும். பார்க்க அழகாக இருக்கிறது என்று 15 டிகிரியில் மண் ஓடு கேட்கிறவர்களிடம் நான் வளைந்து கொடுப்பதே இல்லை. காற்றோடு மழை அடித்தால் தண்ணீர் ஓட்டின் இடுக்கில் மேல்நோக்கி ஏறும்.

மங்களூர் ஓட்டைக் கையில் எடுத்துப் பார்ப்பது

பழசு என்று நாம் நினைக்கிற இந்த ஓடே ஒரு காலத்தில் பெரிய புதுமை. பிரான்சில் ஆல்ட்கிர்ஷ் ஊரில் ஜிலார்டோனி சகோதரர்கள் ஒன்றோடொன்று கவ்வும் ஓட்டுக்கு 1841-ல் காப்புரிமை பெற்றார்கள். அந்த வழியில் வந்ததை சுவிட்சர்லாந்து கிறிஸ்தவ அமைப்பான பாசல் மிஷன் 1865-ல் மங்களூர் ஜெப்புவில் ஆற்றுக் களிமண்ணில் அச்சிட ஆரம்பித்தது. பழைய பங்களாவில் ஓடு இறக்கும்போது அடிப்பக்கத்தில் பாசல் மிஷன் முத்திரையோடு இன்னும் கிடைக்கிறது. கிடைத்தால் உடைக்காமல் அடுக்கி வையுங்கள், மறுபடி போடலாம்.

ஓட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். மேல் விளிம்பில் ரீப்பரில் (ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில்) மாட்டும் இரண்டு மூக்கு இருக்கும். கம்பி கோத்துக் கட்டுவதற்குத் துளையுள்ள ஒரு குமிழும் இருக்கும். ஒரு பக்க ஓரத்தில் வாய்க்கால், மறுபக்கத்தில் அதைக் கவ்வும் வரம்பு. இந்த வாய்க்கால் முழுநீளத்துக்கும் சுத்தமாக இருக்க வேண்டும். சூளையில் ஒட்டிய மண் கட்டி ஒன்று நடுவில் இருந்தால் அந்த இடத்தில் தண்ணீர் தேங்கி உள்ளே வழியும். இரண்டு ஓட்டைத் தரையில் வைத்துக் கோத்துப் பாருங்கள், ஆடக் கூடாது. விரல் முட்டியால் தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் விரிசல் அல்லது வேக்காடு போதவில்லை.

ஓட்டை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, துடைத்து மறுபடி எடை போடுங்கள். இரண்டரை கிலோ ஓடு அரை கிலோவுக்கு மேல் தண்ணீர் குடித்திருந்தால் நான் லோடைத் திருப்பி அனுப்பிவிடுவேன். மங்களூர் ஓட்டுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 654. அதில் ஏஏ, ஏ என்று இரண்டு வகுப்பு உண்டு. எந்த வகுப்பு என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

அடியில் போடும் விரிப்பு

அந்தக் காலத்தில் ஓட்டுக்கு அடியில் ரீப்பர், அதற்கு அடியில் கைமரம் (சாய்வு வாக்கில் போகும் சட்டம்), அதற்கு அடியில் வீடு. சாரல் உள்ளே வந்தால் வந்ததுதான். இப்போது ஓட்டுக்கு அடியில் ஒரு விரிப்பு போடுகிறோம். வெளித் தண்ணீரை உள்ளே விடாது, வீட்டுக்குள்ளிருந்து எழும் ஈர ஆவியை வெளியே விட்டுவிடும். இதுதான் எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த புதுமை. ஆனால் நான் போய்ப் பார்க்கும் கூரைகளில் பாதிக்குப் பாதி இதைத் தப்பாகத்தான் விரித்திருக்கிறார்கள்.

கைமரத்தின் மேல் அல்லது இரும்பு டியூபின் மேல் விரிப்பைக் கீழிருந்து மேலாக விரியுங்கள். மேல் வரிசை கீழ் வரிசையின் மேல் 150 மி.மீ. ஏற வேண்டும். அதன் மேல் நேராகக் குறுக்கு ரீப்பரை அடித்துவிடுவதுதான் வழக்கமான பிழை. ஓட்டைத் தாண்டி இறங்கிய தண்ணீர் விரிப்பின் மேல் வழிந்து வந்து ஒவ்வொரு ரீப்பரிலும் அணைகட்டி நிற்கும், பிறகு ஸ்க்ரூ துளையைத் தேடிப் போகும். சரியான முறையில், சாய்வு வாக்கில் மேலிருந்து கீழாக 25 மி.மீ. உயரப் பட்டையை முதலில் அடித்து, அதன் மேல் குறுக்கு ரீப்பர் வரும். தண்ணீர் தடையில்லாமல் இறவாணத்துக்கு, அதாவது கூரையின் கீழ் ஓரத்துக்கு இறங்கும். அந்த 25 மி.மீ. இடைவெளியில் காற்றும் ஓடும். கீழே நுழைந்த காற்று சூடாகி முகட்டு வழியே வெளியேறும்போது ஓட்டின் சூட்டையும் கூடவே எடுத்துப் போகும். பெங்களூர் 900 மீட்டருக்கு மேல் உயரம், பகல் வெயிலுக்கும் இரவுக் குளிருக்கும் வித்தியாசம் அதிகம். காற்று ஓடாத கூரைக்கு அடியில் அறை மார்ச் மாதத்தில் வேகும்.

விரிப்பின் கீழ் முனை கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாய்க்குள் விழ வேண்டும், சுவருக்கும் பலகைக்கும் நடுவே அல்ல. இறவாணத்தில் காற்று நுழையும் வாயில் பிளாஸ்டிக் பல் வைத்த தடுப்போ துருப்பிடிக்காத வலையோ அடியுங்கள். இல்லாவிட்டால் அணிலும் எலியும் குடிவந்து விரிப்பைக் கிழித்துவிடும்.

ரீப்பர் கணக்கு

கான்கிரீட் ஓட்டின் நீளம் 420 மி.மீ. மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் குறைந்தது 75 மி.மீ. ஏற வேண்டும். எனவே ரீப்பருக்கு ரீப்பர் அதிகபட்சம் 345. கீழ் ரீப்பரிலிருந்து முகட்டு ரீப்பர் வரை 3,600 மி.மீ. என்று வையுங்கள். 345-ஆல் வகுத்தால் பத்தரைக்குக் கொஞ்சம் குறைய வரும். 11 பாகமாக வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றும் 327 மி.மீ. எல்லா வரிசையும் ஒரே அளவு, முகட்டில் அரை ஓடு வெட்டும் வேலை இல்லை. கணக்குப் போடாமல் 345 வைத்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரு துண்டு மிஞ்சும், ஒழுகல் அங்கே ஆரம்பிக்கும். எங்கள் மேஸ்திரி தர்மபுரிக்காரர், புதுப் பையன்களிடம் ஓயாமல் சொல்வது: "நூலப் புடிடா மொதல்ல. நூலு நேரா இருந்தா ஓடு தானா உக்காரும்." கீழ் ரீப்பரை மட்டும் ஓட்டின் கனம் அளவுக்கு உயர்த்தி அடியுங்கள். அப்போதுதான் முதல் வரிசை மற்ற வரிசைகளின் சாய்விலேயே நிற்கும்.

காற்றுக்கான இந்தியத் தரக் கணக்கில் பெங்களூரின் அடிப்படை வேகம் வினாடிக்கு 33 மீட்டர், சென்னைக்கு 50. இதைக் காட்டி "இங்க ஸ்க்ரூ எதுக்கு, சும்மா மாட்டிடலாம்" என்று சொல்லும் ஆட்கள் உண்டு. ஒத்துக்கொள்ளாதீர்கள். கோடை மழைக்கு முன்னால் அடிக்கும் திடீர்க் காற்று ஓரத்து ஓட்டைத்தான் தூக்கும். இறவாண வரிசை, முகட்டு வரிசை, இரு பக்க ஓரம் ஆகியவற்றில் ஒவ்வொரு ஓட்டுக்கும் ஸ்க்ரூ வேண்டும். நடுவில் ஒன்றுவிட்டு ஒன்று போதும். மல்லேஸ்வரம் மாதிரி குரங்கு வரும் பகுதியில் நடுவிலும் எல்லாவற்றுக்கும் போடுங்கள். ஸ்க்ரூவை இறுக்கி நெரிக்க வேண்டாம், ஓடு வெயிலில் மயிரிழை அசைய இடம் வேண்டும்.

முகடு

முகட்டு ஓட்டைச் சிமெண்ட் கலவையில் பதிப்பது நம் பழக்கம். பகலில் சுட்டு, சாயங்காலம் ஆலங்கட்டியோடு மழை கொட்டினால் அந்தக் கலவை இரண்டு மூன்று வருடத்தில் விரிசல் விடும். பூசப் பூச விடும். இப்போது சிமெண்ட் இல்லாத முறை வந்திருக்கிறது. முகட்டில் தாங்கி வைத்து ஒரு பட்டையை உயர்த்தி, அதன் மேல் ஓரத்தில் பசையுள்ள முகட்டுச் சுருளை விரித்து, இரு பக்க ஓட்டின் நெளிவுக்கு ஏற்ப விரலால் அழுத்தி ஒட்டி, மேலே முகட்டு ஓட்டைக் கிளிப்போடு ஸ்க்ரூ செய்ய வேண்டும். சுருளின் நடுவில் காற்று போகும், மழை வராது. ஓட்டின் மேல் தூசி இருந்தால் பசை பிடிக்காது, ஈரத் துணியால் துடைத்துக் காயவிட்டு ஒட்டுங்கள். செலவு கூடும். காக்ஸ் டவுனில் ஒரு அம்மா இந்தச் செலவைக் கேட்டு மலைத்தார்கள். முகப்பு ஓட்டைக் குறைந்த விலை ரகத்துக்கு மாற்றி இதைப் போடச் சொன்னேன், ஒத்துக்கொண்டார்கள். யாரிடமும் அதையே சொல்வேன்.

ஷிங்கிள்ஸ் போடுகிறவர்களுக்கு

கிராண்ட் ராபிட்ஸ் நகரத்து ஹென்றி ரெனால்ட்ஸ் 1903 வாக்கில் தார்ச் சுருளை வெட்டித் துண்டாக்கியதில் தொடங்கியது இது. இப்போது வருவது கண்ணாடி இழை விரிப்பின் மேல் தார், அதன் மேல் கல்துகள். ஜூன் முதல் அக்டோபர் வரை இங்கே ஈரம் விடாது, பாசி கருப்புக் கோடாக இறங்கும். தாமிரம் கலந்த துகள் உள்ள ரகம் கேட்டு வாங்கினால் அது மட்டுப்படும். ஆலங்கட்டிக்கு யு.எல். 2218 என்கிற அமெரிக்கச் சோதனையில் 4-ஆம் வகுப்பு பெற்றதா என்று கேளுங்கள். 2 அங்குல எஃகுக் குண்டை 20 அடி உயரத்திலிருந்து போட்டுப் பார்க்கும் சோதனை அது.

அடியில் 12 மி.மீ. மரைன் பிளைவுட், பலகைக்குப் பலகை 3 மி.மீ. இடைவெளி. ஒட்டி அடித்தால் மழைக்காலத்தில் ஊதி மேலே வரம்பு கட்டும். ஷிங்கிளைக் கட்டிலிருந்து எடுத்ததும் பின்பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டை ஒட்டியிருக்கும். புதுப் பையன்கள் அதைப் பசையின் உறை என்று நினைத்து உட்கார்ந்து உரிப்பார்கள், அரை நாள் போய்விடும். உரிக்க வேண்டியதில்லை. கட்டுக்குள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கத்தான் அது. உண்மையான பசைக் கோடு வேறு, வெயில் பட்டால்தான் அது உருகிப் பிடிக்கும். அதனால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை போடுவது நல்லது. ஜூலைத் தூறலிலோ டிசம்பர்க் குளிரிலோ போட நேர்ந்தால் ஒவ்வொரு மடலுக்கு அடியிலும் தார்ப் பசையை ஒரு ரூபாய் நாணய அளவு வைத்து அழுத்துங்கள். ஆணி குறித்த கோட்டில் நாலு, தலை மேற்பரப்போடு மட்டமாக. உள்ளே புதைந்தால் கிழித்துவிடும், சாய்ந்தால் மேல் ஷிங்கிளைக் குத்தும். நடுப்பகல் வெயிலில் அதன் மேல் நடக்காதீர்கள், துகள் பெயர்ந்து வரும்.

சோலார் ஓடு பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். டெஸ்லா 2016-ல் காட்டியதிலிருந்தே கேட்கிறார்கள். சோலார் செல் சூடேறச் சூடேற மின்சாரம் குறையும், ஆகவே அடியில் காற்று ஓடும் சாதாரணப் பேனலையே நான் சொல்வேன். ஓட்டைத் துளைத்து போல்ட் போட விடாதீர்கள். கைமரத்தில் துருப்பிடிக்காத கொக்கியை ஸ்க்ரூ செய்து, ஓட்டின் அடி விளிம்பை அது வெளிவரும் அளவுக்கு மட்டும் தேய்த்து எடுக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் ஃபால்ஸ் சீலிங் ஆட்களை உடனே கூப்பிடாதீர்கள். குழாயால் கீழ் வரிசையில் ஆரம்பித்து, பத்துப் பத்து நிமிடம் நிறுத்தி, மேலே மேலே போங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சோடு நிற்கட்டும். மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து, எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. இரண்டு சாய்வு சேரும் பள்ளத் தகட்டில் மட்டும் அரை மணி நேரம் விடுங்கள். அங்கே ஈரம் தெரிந்தால் மேஸ்திரிக்குப் பாக்கிப் பணம் கொடுக்கும் முன்பே ஓட்டைக் கழற்றித் தகட்டைச் சரிசெய்ய வையுங்கள்.