எஸ்ஒய்சிபி3 ஆன்டிபாடி: விரைத் திசுவில் நாம் ஏமாறும் இடங்கள்

சுண்டெலியின் விரைத் திசுவில் எஸ்ஒய்சிபி3 என்ற புரதத்தைத் தேடி ஒட்டும் ஆன்டிபாடியைப் போட்டு முதல்முறை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது நல்ல பச்சை தெரிந்தது. விந்துக் குழாய்களுக்கு நடுவே, ஆண் ஹார்மோன் சுரக்கும் லெய்டிக் செல்கள் இருக்கும் இடமெல்லாம் மின்னியது. சந்தோஷமாகப் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். சீனியர் ஒரே கேள்விதான் கேட்டார்: "அங்கே ஏம்ப்பா இந்தப் புரதம் இருக்கணும்?"

இருக்கக் கூடாதுதான். விரையில் இந்தப் புரதத்துக்கு வேலை குன்றல் பகுப்பு (குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பிரிவு) நடக்கும் செல்களில். ஜோடிக் குரோமோசோம்கள் அருகருகே வந்து ஒட்டிக்கொள்ளும்போது ஒவ்வொன்றுக்கும் அச்சாக நிற்பது இது. எடை சுமார் 30 கிலோடால்டன். இது இல்லாத ஆண் சுண்டெலி மலடாகிவிடும் என்று 2000-லேயே காட்டிவிட்டார்கள். ஆகவே குழாய்க்கு உள்ளே, அந்தச் செல்களின் உட்கருவில், நூல் நூலாகத் தெரிந்தால்தான் நம்பலாம்.

நான் பார்த்த பச்சை எங்கிருந்து வந்தது? என் பிரைமரி, அதாவது புரதத்தில் ஒட்டும் முதல் ஆன்டிபாடி, சுண்டெலியில் தயாரானது, திசுவும் சுண்டெலியுடையது. பிரைமரியைப் பிடித்துப் பச்சையாக ஒளிரவைக்கும் செகண்டரிக்கு இரண்டும் ஒன்றுதான். திசுவில் ஏற்கெனவே இருந்த ஆன்டிபாடிகளையும் பிடித்துக்கொண்டது. ரத்த-விரைத் தடுப்பு இருப்பதால் அவை குழாயின் உள்பகுதிக்குப் போகாமல் வெளியே தேங்கி நிற்கும். பிரைமரி போடாத ஸ்லைடு ஒன்றை வைத்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும். ஒரு ஸ்லைடை மிச்சம் பிடிக்கப் பார்த்ததன் பலன். முயலில் தயாரான பிரைமரிக்கு மாறினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும்.

ஆனால் பிரைமரி போடாத ஸ்லைடு செகண்டரியைப் பற்றி மட்டுமே சொல்லும். பிரைமரி சரியான புரதத்தைத்தான் பிடிக்கிறதா என்பது வேறு கேள்வி. ஆன்டிபாடி தயாரிக்கப் பயன்பட்ட பெப்டைடை (புரதத்தின் சிறு துண்டை) அதனுடன் கலந்து சிக்னல் மறைந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வேறு புரதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆன்டிபாடியையும் அதே பெப்டைடு இழுத்துவிடும், அதனால் அது சாட்சி ஆகாது. அந்த ஜீன் நீக்கப்பட்ட சுண்டெலியின் விரைதான் முதல்தரச் சாட்சி. கிடைக்கவில்லையா, குட்டிகளை எடுங்கள். பிறந்து 6 நாளான குட்டியில் குன்றல் பகுப்பு தொடங்கியிருக்காது. 10-ஆம் நாள் வாக்கில் லெப்டோட்டீன், 12-இல் சைகோட்டீன், 14-இல் பாக்கிட்டீன் என்று அதன் கட்டங்கள் வரிசையாக வரும். வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் சோதனை) 6-ஆம் நாள் வெறுமையாகவும் 14-ஆம் நாள் கெட்டியாகவும் பட்டை வந்தால் நிம்மதி. 20 நாளுக்குப் பிறகு புதிதாக ஒரு பட்டை முளைத்தால் சந்தேகப்படுங்கள். எஸ்எல்எக்ஸ், எஸ்எல்ஒய் என்று இதற்குச் சொந்தக்காரப் புரதங்கள் விந்தணு முன்செல்களில் உண்டு.

அளவை ஒப்பிடும்போது நடக்கும் தவறு இன்னும் நுணுக்கமானது. ஒரு மரபு மாற்றத்தால் விந்தணு உருவாக்கம் பாதியில் நின்றுவிட்டது என்று வையுங்கள். பின்னால் வர வேண்டிய செல்களே இல்லாததால், மொத்தத் திசுவில் குன்றல் பகுப்புச் செல்களின் பங்கு கூடிவிடும். பட்டை தடித்திருக்கும், "புரதம் அதிகரித்தது" என்று எழுதிவிடுவார்கள். எல்லாச் செல்களிலும் இருக்கும் ஆக்டின் புரதத்தை அளவுகோலாக வைத்துச் சரிசெய்தாலும் இது சரியாகாது. செல் கலவை இன்னும் மாறுபடாத வயதில் குட்டிகளை ஒப்பிடுவது அல்லது செல்களைப் பிரித்தெடுப்பது, இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும்.

குரோமோசோம்களை ஸ்லைடில் பரப்பிப் பார்க்கும்போதுதான் இந்த ஆன்டிபாடியின் அழகு தெரியும். பாக்கிட்டீனில் 19 நீண்ட நூல்கள், அப்புறம் ஓரத்தில் நுனியில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் எக்ஸும் ஒய்யும். இந்த ஒரு சாயத்தை மட்டும் வைத்துக்கொண்டு கட்டத்தைச் சொல்லப் போனால் மாட்டிக்கொள்வீர்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் சைகோட்டீனும் பாக்கிட்டீனுக்குப் பிறகு பிரிந்துகொண்டிருக்கும் டிப்ளோட்டீனும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். டிஎன்ஏ முறிவைக் காட்டும் குறியான காமா எச்2ஏஎக்ஸுக்கான ஆன்டிபாடியையும் சேர்த்துப் போடுங்கள்: சைகோட்டீனில் உட்கரு முழுக்கச் சிதறிக் கிடக்கும், டிப்ளோட்டீனில் பெரும்பாலும் எக்ஸ்-ஒய் மேல் மேகமாக நிற்கும். இரண்டு பிரைமரியும் முயலாக இருந்தால் செகண்டரி குழம்பும், ஆர்டர் போடும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பூயின் கரைசலில் பதப்படுத்திய திசு பார்க்க அற்புதமாக இருக்கும், ஆனால் சில ஆன்டிபாடிகள் அதில் வேலையே செய்யாது. பதப்படுத்தியதில் மறைந்த ஒட்டும் இடங்களை மீட்கும் கரைசல்களான பி.எச். 6 சிட்ரேட்டு, பி.எச். 9 டிரிஸ்-இடிடிஏ இரண்டையும் ஒருமுறை முயன்று பாருங்கள். பிளாட்டில் பொருந்திய நீர்ப்பு விகிதம் ஸ்லைடுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பாலிகுளோனல் (விலங்கின் ரத்தத்திலிருந்து எடுத்த பல ஆன்டிபாடிகளின் கலவை) என்றால் லாட் எண்ணை, அதாவது தயாரிப்புத் தொகுதி எண்ணைக் குறித்துவையுங்கள். முயல் மாறினால் ஆன்டிபாடியும் மாறும். புதுக் குப்பி வந்ததும் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து உறையவைத்துவிட்டு, பழைய லாட்டின் கடைசிச் சொட்டு தீர்வதற்குள் இரண்டையும் 6 நாள் குட்டி, 14 நாள் குட்டி ஸ்லைடுகளில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்ப்பது இப்போது என் வழக்கம்.