உடைந்த லேப்டாப்புக்குப் பதில் ஆபீஸ் லேப்டாப்

திரையோ மதர்போர்டோ போய்விட்டால், ரிப்பேருக்குக் கொட்டிக் கொடுக்கும் முன் திருநெல்வேலியில் வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டைப் பக்கம் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் கடைகளில் ஒரு எட்டு விசாரியுங்கள். பெரிய கம்பெனிகள் கழித்துவிடும் திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 7490 மாதிரியான மாடல்களைக் கேளுங்கள். என்னைக் கேட்டால், மலிவான புது லேப்டாப்பை விட இவை கட்டுமானத்தில் ஒரு படி மேல்.

உள்ளே இருக்கும் பிராசஸர் இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே போகவே வேண்டாம். 7-ஆம் தலைமுறை ஐ5-7200யு-வில் 2 கோர்தான், ஐ5-8250யு-வில் 4. விண்டோஸ் 11-க்கும் பொதுவாக 8-ஆம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

கடையிலேயே ஆன் செய்து பாருங்கள். லோகோ வரும்போது திங்க்பேட்டில் எஃப்1, டெல்லில் எஃப்2 அழுத்தினால் பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே வரும் அடிப்படை செட்டிங்ஸ் திரை, திறக்கும். அங்கே பாஸ்வேர்ட் கேட்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள். திங்க்பேட்டில் சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் தெரியாவிட்டால், கம்பெனி சொல்லும் வழி மதர்போர்டையே மாற்றுவதுதான். அப்புறம் விண்டோஸில் கட்டளை அடிக்கும் கமாண்ட் பிராம்ப்டில் ‘பவர்சிஎஃப்ஜி’ அடித்து, ஓர் இடைவெளி, சாய்கோடு, ‘பேட்டரிரிப்போர்ட்’ (powercfg /batteryreport) என்று கொடுத்து, அது சேமிக்கும் ஃபைலைத் திறந்தால் பேட்டரியின் அசல் கொள்ளளவும் இப்போதைய கொள்ளளவும் தெரியும். பாதிக்குக் கீழே என்றால் புது பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள்.

ரேம் 8 ஜிபி இருந்தால் போதும், பிறகு கூட்டலாம். மேலே சொன்ன இரண்டு மாடலிலும் ரேமுக்கு 2 ஸ்லாட் உண்டு.

பழைய லேப்டாப்பை எடைக்குப் போடாதீர்கள். ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி தனியாகக் கழற்ற முடிகிறது என்றால், பொருத்தமான யுஎஸ்பி கேஸில் போட்டு வேறு லேப்டாப்பில் செருகினால் போட்டோ, ஃபைல் எல்லாம் பெரும்பாலும் எடுத்துவிடலாம்.