கைக்குழந்தைக்கு விமான டிக்கெட்: பதிவு செய்யும்போதே நேரும் தவறுகள்

மாநகரப் பேருந்தில் 5 வயது வரை பிள்ளைக்குச் சீட்டு வேண்டாம். ரயிலிலும் 5 வயது நிரம்பாத பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்காத வரை கட்டணம் இல்லை. இந்தக் கணக்கிலேயே பழகிவிட்ட நாம், மடியில் உட்காரும் பிள்ளைக்கு எதற்கு டிக்கெட் என்று எண்ணி, விமானத்துக்கும் பெரியவர்களுக்கு மட்டும் பதிவு செய்துவிடுகிறோம். சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் உறவினருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் டிக்கெட் போட்டுக் கொடுத்துவரும் நான் அதிகமாகப் பார்த்த தவறு இதுதான். விமானத்தில் எல்லை 2 வயது. அதற்குக் குறைந்த குழந்தை மடியில் அமரலாம் என்றாலும் அதன் பெயரில் டிக்கெட் இருக்க வேண்டும், கட்டணமும் உண்டு. ஒரு பெரியவருக்கு ஒரு கைக்குழந்தைதான் கணக்கு. 2 வயது முடிந்த பிள்ளைக்குத் தனி இருக்கை கட்டாயம். உள்நாட்டு விமானங்களில் அதற்குப் பெரும்பாலும் பெரியவருக்குரிய கட்டணமே வாங்குகிறார்கள். குழந்தையைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விடுவதும் சரியல்ல. ஒரு விமானத்தில் எத்தனை கைக்குழந்தைகளை ஏற்றலாம் என்பதற்கு வரம்பு இருக்கிறது.

வயதைப் பதிவு செய்யும் நாளை வைத்துக் கணக்கிடுவது அடுத்த தவறு. பயணம் செய்யும் நாளில் என்ன வயது என்பதே பார்க்கப்படும். ஏப்ரல் இறுதியில் சிங்கப்பூர் போய் மே 20 அன்று திரும்பும் குடும்பத்தில், மே 10 அன்று 2 வயது நிறையும் குழந்தை இருந்தால், அது போகும்போது கைக்குழந்தை, திரும்பும்போது இருக்கை வேண்டிய சிறுவர். உள்நாட்டுப் பயணமாக இருந்தாலும், வயதைக் காட்டப் பிறப்புச் சான்றிதழ் கையில் இருப்பது நல்லது.

பெயர் விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள். குழந்தை பிறந்த கையோடு வாங்கும் பிறப்புச் சான்றிதழில் பல நேரம் பெயர் இருப்பதில்லை. ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்தியும் பெயரைச் சேர்க்கலாம் என்பதால் அதை அப்படியே விட்டுவிடுகிறோம். வெளிநாடு போகக் கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும், அதற்குப் பெயர் வேண்டும் என்பது டிக்கெட் போடும்போதுதான் உறைக்கிறது. சிறுவர் பாஸ்போர்ட் பொதுவாக 5 ஆண்டுகளுக்கே செல்லும் என்பதால், மூத்த பிள்ளையின் பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டதா என்பதையும் டிக்கெட் போடும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

பாஸ்போர்ட் வந்த பிறகும் இனிஷியல் தொல்லை விடாது. பதிவுப் படிவம் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டுகிறது. நமக்கோ குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலியாக இருக்க, டிக்கெட்டில் மட்டும் அப்பாவின் பெயரை இட்டு நிரப்பினால் இரண்டும் பொருந்தாமல் போகும். காலியாக உள்ள பெயரை எப்படி எழுத வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. பணம் கட்டும் முன் கேட்டுக்கொள்வதே வழி. நான் என் தங்கை மகளுக்கு 'அம்மு' என்றே ஒருமுறை பதிவு செய்திருக்கிறேன். வீட்டில் யாரும் அவளை வேறு பெயரால் அழைத்ததில்லை. ஓரிரு எழுத்துப் பிழையைத் திருத்துவார்கள், ஆனால் முழுப் பெயரையும் மாற்றுவதைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்பதில்லை. அந்த டிக்கெட்டை ரத்து செய்து வேறு வாங்கிய செலவு என்னுடையது.

கட்டணம் சற்றுக் குறைகிறது என்பதற்காகக் குடும்பத்தைப் பிரித்து, தாயை ஒரு பிஎன்ஆரிலும் (பதிவு எண்) தந்தையையும் பிள்ளையையும் வேறொன்றிலும் போடுவதும், பாட்டியோடு போகும் பிள்ளைக்குத் தனியாக எடுப்பதும் வழக்கமாகிவிட்டன. 12 வயது வரையுள்ள பிள்ளைக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவருக்காவது பக்கத்தில் இடம் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ 2024 ஏப்ரலில் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. ஆனால் அந்தப் பெரியவரும் பிள்ளையும் ஒரே பிஎன்ஆரில் இருக்க வேண்டும். பிரித்துப் போட்டவர்கள் இதைச் சொல்லி இடம் கேட்க முடியாது. ஜன்னலோர அந்நியரிடம் கெஞ்சுவதுதான் மிச்சம்.

இரட்டைக் குழந்தைகளை ஆளுக்கொன்றாக மடியில் வைத்துக்கொண்டு பெற்றோர் அருகருகே அமர எண்ணினால் அதற்கும் தடை வரலாம். ஒரு பக்க வரிசைக்குக் கூடுதலாக ஓர் ஆக்சிஜன் முகமூடிதான் பொதுவாக இருக்கும். அவசர வழி வரிசையைக் குழந்தையோடு தேர்ந்தெடுக்கவே கூடாது. நீண்ட தூர விமானங்களில் கிடைக்கும் தொட்டிலை முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். அதற்கு எடை வரம்பும் உண்டு.

கடைசியாக நேரம். விடியற்காலை 5 மணி விமானம் மலிவாகத் தெரியும். விம்கோ நகரிலிருந்து விமான நிலையத்துக்கு மெட்ரோ நேராகப் போகிறது என்றாலும் முதல் வண்டி புறப்படுவதே காலை 5 மணிக்குத்தான். எண்ணூரிலிருந்தோ திருவொற்றியூரிலிருந்தோ நள்ளிரவு தாண்டி, தூங்கும் குழந்தையோடு வாடகைக் கார் பிடிக்கும் செலவையும் சேர்த்துப் பார்த்தால், பத்து மணி விமானம் பல நேரம் அதே விலைக்கு வந்துவிடுகிறது.