பழைய சிறிய படங்களை ஆல்பத்தில் அச்சிடும்போது

ஏற்காடு ஏரியில் படகேறிய நாளில் பழைய டிஜிட்டல் கேமராவில் நாங்கள் எடுத்த படங்கள் 640 × 480 பிக்சல் (படத்தை உருவாக்கும் சிறு புள்ளிகள்) அளவே கொண்டவை என்பதால், முழுப் பக்கத்திற்குப் பெரிதாக்கினால் அம்மாவின் சிரிப்பு கட்டம் கட்டமாக உடைந்துவிடுகிறது. அங்குலத்திற்கு 300 பிக்சல் என்று கணக்கிட்டால் அத்தகைய படம் சுமார் 2 அங்குல அகலத்திற்கே தெளிவாக வரும். 200 என்று குறைத்துக்கொண்டால் 3 அங்குலம் வரை தாங்கும். எனவே சிறியதாகவே அச்சிட்டு, சுற்றிலும் அகலமான வெள்ளை ஓரம் விட்டு, அருகில் அன்றைய படகுச் சீட்டையோ நன்கு உலர்ந்த காப்பி இலையையோ ஒட்டுங்கள். முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்க வேண்டாம். இருக்கும் பிக்சலும் குறைந்துவிடும். சேலத்தில் அச்சிடக் கொடுக்கும்போது வாட்ஸ்அப்பில் வந்த நகலைத் தவிர்த்து, பழைய சிடியில் உள்ள மூலக் கோப்பையே பென் டிரைவில் கொண்டு செல்லுங்கள்.