கொழும்புக்குப் போகுமுன் பழைய டொலர் விலையையும் பாருங்கள்

போன முறை கொழும்பில் இறங்கிய மறுநாள், மாமி வெள்ளவத்தைச் சந்தையில் விளைமீன் வாங்கி வந்தார். விலையைக் கேட்டதும், "உங்களை நல்லா ஏமாத்திப்போட்டான் மாமி" என்று சொல்லிவிட்டேன். மாமி ஒன்றும் பேசவில்லை. மீனைச் சட்டியில் போட்டு, உப்புப் போட்டு உரசிக் கழுவிக்கொண்டிருந்தார். பிழை என்னுடையதுதான். என் மனதில் நின்றது 2019ஆம் ஆண்டு. அப்போது அமெரிக்க டொலர் 180 ரூபா அளவில் இருந்தது. நான் வந்து நின்ற நாளில் 300 ரூபா.

கடைசியாக வந்த வருடத்து விலையை மனதில் வைத்துக்கொண்டு கனடாவிலும் மற்ற நாடுகளிலும் இருக்கும் நம்மில் பலர் ஊருக்கு வருகிறோம். அது வீட்டில் உள்ளவர்களைக் காயப்படுத்துகிறது. கொடுக்கல் வாங்கலிலும் மனக்கசப்பு வருகிறது. அதனால் ரிக்கெற் எடுத்த கையோடு, நீங்கள் புறப்பட்ட ஆண்டு, கடைசியாக வந்த ஆண்டு, இன்று என டொலரின் மூன்று விலையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் வயதானவர்கள் சொல்லும் 4 ரூபா 76 சதம் வெறும் கதையில்லை. 1949 முதல் 1967 வரை ஒரு டொலருக்கு அதுதான் விலை. ஸ்ரேலிங் பவுண் 13 ரூபா 33 சதம். 1966 ஜூனில் இந்தியா தன் ரூபாவின் மதிப்பைக் குறைக்கும் வரை இரண்டு நாட்டு ரூபாவும் சரிக்குச் சரி. அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் நம்முடைய ஒரு ரூபாவுக்கு இந்திய ரூபா ஒன்றரைக்கு மேல் கிடைத்தது. இன்று ஒரு இந்திய ரூபாவுக்கு நாம் மூன்று ரூபாவுக்கு மேல் கொடுக்கிறோம். 1967 நவம்பரில் டொலர் 5.95 ஆனது. 1977 நவம்பரில் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டபோது ஒரே தாவலாக 16 ரூபா அளவுக்குப் போனது. 1983இல் வெளிக்கிட்டவர்களுக்கு 25க்குக் கிட்ட, 1990இல் 40, 2001இல் 90 அளவில், 2009இல் 115.

2022ஐப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குடும்பங்களுக்குள் கணக்குப் பிரச்சினை அதிகம் வருவது அந்த வருடத்தால்தான். 2021 கடைசியில் மத்திய வங்கி டொலரை 200 சொச்சத்தில் பிடித்து வைத்திருந்தது. உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம், அனுப்பினால் அதைவிட நன்றாகக் கூடக் கிடைத்தது. 2022 மார்ச்சில் பிடியை விட்டார்கள், மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்ததும் இதற்கு நடுவில்தான். ஆகவே 2022 தொடக்கத்தில் நீங்கள் அனுப்பிய காசுக்கு ஒருவர் ஒரு விலையும் மற்றவர் வேறு விலையும் சொன்னால் இருவருமே உண்மை சொல்லியிருக்கலாம். வங்கியா, உண்டியலா என்று முதலில் கேளுங்கள்.

இப்போது டொலர் 360இலிருந்து இறங்கிவிட்டதே, சாமான் விலையும் இறங்கியிருக்கும் என்று நினைக்க வேண்டாம். 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவு விலை முந்திய வருடத்தைவிட 95 வீதத்துக்குக் கிட்ட ஏறியிருந்தது. டொலர் இறங்கியபோது அந்த விலைகள் பெரிதாகக் கீழே வரவில்லை. கையில் கிடைக்கும் ரூபா 2021ஐவிட ஒன்றரை மடங்கு. ஆனால் சமையலறைச் செலவு அதற்கு மேல். மாமியின் ஓய்வூதியம் ரூபாவில் வருகிறது, அவருக்கு டொலர் ஏறி ஒரு இலாபமும் இல்லை.

சரி, பழைய விலையை எங்கே பார்ப்பது? இலங்கை மத்திய வங்கியின் இணையத்தளத்தில் தேதி கொடுத்துத் தேடலாம். அதற்கும் முந்திய காலத்துக்கு வங்கியின் பழைய ஆண்டறிக்கைகளில் அட்டவணை இருக்கும். வாங்கும் விலை, விற்கும் விலை என்று இரண்டு காட்டுவார்கள். நீங்கள் டொலரைக் கொடுத்து ரூபா எடுப்பதென்றால் உங்களுக்கு உரியது வாங்கும் விலை, அது எப்போதும் குறைந்தது. கூகிளில் வருவது நடு விலை, அதைக் காட்டிக் காசு மாற்றும் கடைக்காரரோடு வாதாடிப் பயனில்லை.

இது கடனுக்கு மிக முக்கியம். 2019இல் மச்சானுக்கு ஒரு இலட்சம் ரூபா கொடுத்திருந்தால் அன்றைக்கு அது 555 டொலர். டொலர் 300 ரூபாவாக இருக்கும் நாளில் அதே ஒரு இலட்சத்தைத் திருப்பித் தந்தால் கையில் 333 டொலர்தான். அவர் வாங்கியது ரூபா, திருப்பித் தருவதும் ரூபா. அவர் ஏமாற்றவில்லை. இனிக் கொடுக்கும்போது எந்தக் காசில் திருப்புவது என்பதைத் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். காணி உறுதிகளிலும் இதே சிக்கல்தான். 1970ஆம் ஆண்டு உறுதியில் 12,000 ரூபா என்று இருந்தால் அது 2,000 டொலருக்கு மேல், அன்றைக்குப் பெரிய காசு. 1968 முதல் 1977 வரை டொலருக்கு இரட்டை விலை முறை இருந்ததால் அந்தக் காலத்துக் கணக்கை ஒரு மட்டாகத்தான் எடுக்கலாம்.

காசு மாற்றுவது சுலபம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வங்கிகளின் கவுண்டர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டு பலகையைப் பார்த்து, வாகனத்துக்கும் முதல் இரண்டு நாளுக்கும் போதுமானதை மாற்றுங்கள். மிச்சத்தை வெள்ளவத்தை காலி வீதியிலோ கோட்டையிலோ மாற்றலாம். மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் சுவரில் தொங்குகிறதா என்று பாருங்கள். வாசலில் நின்று "கூடத் தாறன்" என்று கூப்பிடுபவரோடு போக வேண்டாம். கிழிந்த, எழுதிய, மடிப்பு விழுந்த தாள்களைத் திருப்பிவிடுவார்கள், கனடாவிலேயே புதுத்தாளாகக் கேட்டு வாங்கி வாருங்கள். 15,000 அமெரிக்க டொலருக்கு மேல் கொண்டு வந்தால் சுங்கத்தில் சொல்ல வேண்டும்.

ரசீதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். திரும்பிப் போகும்போது மிஞ்சிய ரூபாவை மாற்ற அது வேண்டும். நான் இப்போது அன்றைய மீன் விலை, பாண் விலை, ஓட்டோக் காசு எல்லாவற்றையும் அதன் பின்பக்கத்தில் எழுதி வைக்கிறேன். அடுத்த முறை மாமி விலை சொல்லும்போது பார்ப்பதற்கு.