உள்ளூர் பேங்குக்கு மாறும் வியாபாரிகள் செய்யும் தவறுகள்

கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். பெரிய பேங்கில் டோக்கன் எடுத்துக் காத்திருந்து அலுத்துப்போய், நம் பக்கத்து பேங்குக்கோ கூட்டுறவு நகர வங்கிக்கோ மாறுகிறவர்கள் நிறைய. மாறுவது நல்லதுதான். கும்பகோணத்தில் 1904இல் தொடங்கிய சிட்டி யூனியன், 1916இல் வந்த கரூர் வைஸ்யா, தூத்துக்குடியில் 1921இல் வந்த மெர்க்கன்டைல் எல்லாம் வியாபாரிகளை நம்பி வளர்ந்தவை. ஆனால் அந்தக் காலத்தில் நாங்கள் செய்த அதே தப்புகளைப் புதிதாக வருகிறவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். ஓடிபி சொல்லாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விடுகிறேன்.

பலகையை நம்புவது

நிதி நிறுவனமும் கூட்டுறவுக் கடன் சங்கமும் பேங்க் மாதிரியே கவுன்டர் வைத்து பாஸ்புக் தருகின்றன. பேங்க் மூழ்கினால் நாம் போட்ட பணத்துக்கு ஈடு தரும் டெபாசிட் காப்பீடு அங்கே கிடையாது. கூட்டுறவு நகர வங்கிக்கு உண்டு.

மேனேஜர் முகத்துக்காக ஜாமீன்

பெரிய பேங்கில் கடன் மனு வேறு ஏதோ ஊருக்குப் போய்விடும். இங்கே மேனேஜர் கடைக்கே வந்து டீ குடிப்பார். அந்தப் பழக்கத்தை நம்பித்தானே போனோம், சிக்கலும் அங்கேதான். "அண்ணாச்சி, பக்கத்துக் கடைக்காரர் ஓ.டி. கேக்கிறார். உங்க கையெழுத்து இருந்தாப் போதும், சும்மா ஒரு ஃபார்மாலிட்டி." ஓ.டி. என்றால் ஓவர்டிராஃப்ட், கணக்கில் இருப்பதற்கு மேலும் ஒரு வரம்பு வரை எடுக்க விடும் கடன். முகத்துக்கு நேரே எப்படி மறுப்பது?

பாத்திரக் கடைக்காரர் ஒருவர் அப்படித்தான் போட்டுக் கொடுத்தார். பக்கத்துக் கடை நொடித்தது. மகள் கல்யாணம் நெருங்க, இவர் தன் நகைக்கடனை வட்டியோடு கட்டிவிட்டு நகையைக் கேட்டார். ஜாமீன் போட்ட கடன் நிலுவையில் இருக்கிறது, தர முடியாது என்றார்கள். "என் கடன்தான் தீர்ந்துபோச்சே" என்று கத்தினார். கத்திப் பயனில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 171ஆம் பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, தனக்கு வர வேண்டிய பாக்கிக்காகக் கையிலிருக்கும் பொருளைப் பிடித்து வைக்க பேங்குக்கு உரிமை தருகிறது. 128ஆம் பிரிவு அதைவிடக் கறார்: கடன் வாங்கியவரை விட்டுவிட்டு நேராக ஜாமீன்தாரரிடமே வரலாம்.

எனக்கு இன்னும் ஆத்திரம் தீராதது, கையெழுத்துப் போட்ட காகிதத்தின் நகல்கூட அவரிடம் இல்லை என்பதில்தான். அதில் இருந்தது தொடர் ஜாமீன். ஒருமுறை போட்டால், ஓ.டி.யில் பணம் எடுக்க எடுக்க அந்தப் பாக்கியும் நம் தலையில் ஏறிக்கொண்டே இருக்கும். இனிமேல் எடுப்பதற்கு நான் பொறுப்பில்லை என்று எழுதிக் கொடுக்க 130ஆம் பிரிவில் வழி இருக்கிறது. எழுதிக் கொடுத்தவரை நான் பார்த்ததே இல்லை.

போட்டே ஆக வேண்டுமா? சரி, எவ்வளவு தொகை வரைக்கும் என்று எழுதி வாங்குங்கள், நகல் வாங்குங்கள். அப்புறம், உங்கள் நகையை வேறு பேங்கில் வையுங்கள்.

கிளை கிளையாகப் பிரித்துப் போடுவது

பயனில்லை. ஒரே பேங்க் என்றால், ஒருவர் பேரில் எல்லாக் கிளைக்கும் சேர்த்து, வட்டி உட்பட 5 லட்சம்தான் காப்பீடு.

பாசத்தில் பங்கு வாங்குவது

2020 நவம்பரில், நொடித்துப்போன கரூர்க்கார லட்சுமி விலாஸ் பேங்க், சிங்கப்பூர் பேங்கான டிபிஎஸ்ஸின் இந்திய நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. அதற்கு முன் சில நாள், 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் டெபாசிட்காரர்கள் தவித்தார்கள். ஆனாலும் அவர்கள் பணம் தப்பியது. நம்ம ஊர் பேங்க் என்று பங்கு வாங்கி வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசா வரவில்லை.