பங்காளி கூண்டேறும்போது பேசாமல் இருந்துவிடாதீர்கள்

பொள்ளாச்சி, தாராபுரம், கோபி பக்கமெல்லாம் பாகப்பிரிவினை வழக்குகளில் அடிக்கடி நடக்கிற தவறு இது. அக்கா பாகம் கேட்டு வழக்குப் போடுகிறார், அண்ணன் முதல் பிரதிவாதி, தம்பி இரண்டாம் பிரதிவாதி. அண்ணன் கூண்டேறி, தென்னந்தோப்பையும் கிணற்றுப் பங்கையும் அப்பா தனக்கே உயில் எழுதி வைத்ததாகச் சொல்கிறார். தம்பியோ, "நாங்க ரெண்டு பேரும் பிரதிவாதிங்க, நான் எப்படிங்க கேள்வி கேட்கிறது, அக்கா வக்கீல் கேட்டுக்குவாரு" என்று இருந்துவிடுகிறார்.

கேட்கலாம், கேட்டே ஆக வேண்டும். எதிர்த்தரப்பு, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம் என்றுதான் சாட்சியச் சட்டம் சொல்கிறது (பழைய 1872 சட்டத்தில் பிரிவு 137, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தில் பிரிவு 142, அந்தத் தேதிக்கு முன்பே நிலுவையில் இருந்த வழக்குக்குப் பழைய சட்டம்தான்). சக பிரதிவாதி என்று தனியாக எதுவும் எழுதவில்லை. அதனால் உங்களுக்கும் அவருக்கும் நலன் மோதுகிறதா என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். அதிலும் பாகப்பிரிவினையில் ஒவ்வொரு பங்காளியும் ஒரு வகையில் வாதிதான்.

அந்த மோதல் எதிர்வுரையில் (வழக்குக்குப் பிரதிவாதி எழுத்தில் கொடுக்கும் பதிலில்) தெரிய வேண்டும், இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். செலவு மிச்சம் என்று அண்ணனும் தம்பியும் ஒரே வக்கீலை வைத்து ஒரே எதிர்வுரையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் சாட்சி விசாரணையில் வந்து "உயிலை நான் ஒத்துக்கலைங்க" என்றால் நீதிபதி எப்படி அனுமதிப்பார்? உயிலை மறுக்கிறீர்கள் என்றால் தனி வக்கீல், தனி எதிர்வுரை, அதில் அந்த மறுப்பு பளிச்சென்று இருக்கட்டும்.

சாட்சி தன் தரப்பைச் சொல்கிற முதல் விசாரணை இப்போது பெரும்பாலும் பிரமாண வாக்குமூலமாகவே (சத்தியம் செய்து எழுத்தில் கொடுப்பது) தாக்கலாகிறது. அதன் நகலை வாங்கிப் படிக்காமல் வாய்தாவுக்குப் போகாதீர்கள்.

உங்கள் முறை பொதுவாக வாதிக்கு முன்னால் வரும், அதனால் சாட்சி கூண்டேறிய அன்றே உங்கள் வக்கீல் எழுந்து கேட்க வேண்டும். கேள்வி கேட்காமல் விட்ட பகுதியை நீங்கள் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. பிறகு பார்த்துக்கொள்ளலாம், சாட்சியைத் திரும்ப அழைக்க மனுப் போடலாம் என்றும் நம்பாதீர்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 18 விதி 17 நீதிமன்றத்தின் சந்தேகத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ளத்தான், நாம் விட்ட ஓட்டையை அடைக்க இல்லை.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. இருவரும் ஒரே கட்சி, ஆனாலும் குறுக்கு விசாரணை என்ற பெயரில் வேண்டிய பதிலைக் கேள்வியிலேயே வைத்து ஊட்டுவது. வாதி தரப்பு உடனே ஆட்சேபிக்கும், நீதிமன்றமும் தடுக்கும்; அனுமதித்தாலும் அப்படி வந்த பதிலுக்கு மதிப்பு குறைவு.